நாவல் பழச் சாயமும் ரத்தக் குழாயும்

நாவல் பழம் தின்றால் நாக்கு ஊதாவாகிறதே, அந்தச் சாயத்துக்குப் பெயர் ஆந்தோசயனின். கருப்பு திராட்சைத் தோல், கத்தரிக்காய்த் தோல், கருப்புக் கவுனி அரிசியின் தவிடு எல்லாவற்றிலும் இதே குடும்பம்தான். இது ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் என்று வாட்ஸப்பில் ஒரு கூட்டம் சொல்கிறது, இதையே மாத்திரையாக்கி விற்க இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. எனக்கு இரண்டு பேர் மேலும் கடுப்புதான்.

ரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒரே அடுக்காகச் செல்கள் படர்ந்திருக்கின்றன, எண்டோதீலியம் என்பார்கள். இவை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்தி விரிய வைக்கின்றன, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் பார்த்துக்கொள்கின்றன. இந்த வாயுவின் வேலையைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998இல் மருத்துவ நோபல் கிடைத்தது. சிகரெட், கட்டுப்பாடில்லாத சர்க்கரை, பிரஷர் என்று வந்துவிட்டால் அங்கே சூப்பராக்சைடு என்ற வீரியமான ஆக்சிஜன் வகை பெருகி இந்த வாயுவைத் தின்றுவிடும், குழாய் விரியத் திணறும். அடைப்புக்குப் பிள்ளையார் சுழி அங்கேதான்.

சரி, சாயம் என்ன செய்கிறது? ஆய்வகத்தில் வளர்க்கும் செல்கள் மேல் ஊற்றினால் நன்றாகவே காப்பாற்றுகிறது. ஆனால் பல சோதனைகளில் ஊற்றும் அளவு நம் ரத்தத்தில் ஒருநாளும் வராது. தின்பதில் பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை உடைத்துச் சிறிய அமிலங்களாக்கி, அவைதான் ரத்தத்தில் கலக்கின்றன. வேலை பார்ப்பதும் பெரும்பாலும் அவையாகத்தான் இருக்க வேண்டும். அதனால் டப்பாவில் போடும் 'ஆன்டிஆக்சிடன்ட் சக்தி' எண்ணை நான் நம்புவதில்லை. அமெரிக்க வேளாண் துறையே உணவுகளுக்கு அப்படி எண் போட்ட தன் பட்டியலை 2012இல் இணையத்திலிருந்து தூக்கிவிட்டது.

மனிதர்களிடம் பார்த்ததில் எனக்குப் பிடித்தது 2019இல் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு. தொப்பை, பிரஷர், சர்க்கரை எல்லாம் சேர்ந்து தொல்லை தரும் மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ள 115 பேர், ஆறு மாதம். தினமும் ஒரு கப் புளூபெர்ரிக்கு (150 கிராம்) சமமான பொடி சாப்பிட்டவர்களுக்குக் குழாய் விரியும் திறன் கூடியது. அரை கப்காரர்களுக்கு ஒன்றுமில்லை. பிரஷர் குறையவில்லை, இன்சுலின் பக்கமும் மாற்றமில்லை. பணத்தில் ஒரு பங்கு புளூபெர்ரி விவசாயிகள் அமைப்பு கொடுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன பலன், ஆனால் நிஜம்.

மாத்திரைக்காரர்களுக்கு ஒரு பழைய கதை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29 ஆயிரம் ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. கேரட்டின் நிறமியான பீட்டா கரோட்டினை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! அது வேறு நிறமிதான், ஆனாலும் தட்டில் இருக்கும்வரை சாதுவாக இருப்பது டப்பாவுக்குள் போனதும் அப்படியே இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

ஆகவே ஆனி, ஆடியில் நாவல் பழம் வந்தால் வாங்கித் தின்னுங்கள். கவுனியைப் பாலிஷ் போடாததாகப் பார்த்து வாங்கி, ஊறவைத்த ஊதாத் தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவையுங்கள், சாயம் அதில்தான் இறங்கியிருக்கும். பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் போட்ட செட்டிநாட்டுக் கவுனி அரிசியை இதயத்துக்கு நல்லது என்று சொல்லி இரண்டாவது கிண்ணம் கேட்காதீர்கள், ருசியாக இருக்கிறது என்றே கேளுங்கள்.