மூன்று மணி நேரம் கொடுங்கள்

பினாங்கில் நம் தமிழ்க் கிறிஸ்தவச் சபைகளின் மண்டபங்கள் சனிக்கிழமை காலையில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை கதவைத் திறந்து, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை மூன்று மணி நேரம் நாம் பார்த்துக்கொண்டு, பெற்றோரை வெளியே அனுப்பி வைத்தால் என்ன?

எங்கள் சபையில் ஓர் அக்கா. மகனுக்கு ஆட்டிசம். பாட்டுச் சத்தம் ஏறினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். உடனே அவனைக் கூட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுவார். பிரசங்கம் முடியும்வரை அங்கேயேதான். “மூணு மணி நேரம் கிடைச்சா என்னக்கா செய்வீங்க?” என்று கேட்டேன். “பல் டாக்டர்கிட்ட போகணும்மா. கடைவாய்ப் பல் ரொம்ப நாளா வலிக்குது. இவனை வச்சுக்கிட்டு அந்த நாற்காலியில எப்படி உட்கார்றது?” என்றார்.

அவருக்காக ஜெபிக்கிறோம், நல்லதுதான். “நான் பார்த்துக்கிறேன், போயிட்டு வாங்க” என்று ஒருவரும் சொன்னதில்லை. ‘விசுவாசம் இருந்தால் பையன் குணமாகியிருப்பான்’ என்று அவரிடம் சொன்னவர்கள் மட்டும் உண்டு. நினைத்தாலே கோபம் வருகிறது.

அரசாங்கம் செய்யட்டும் என்பீர்கள். சரி, செய்யத்தான் வேண்டும். மலேசியா 2010இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 28வது பிரிவு, வறுமையில் வாடும் குடும்பங்களுக்கு இப்படி இளைப்பாற நேரம் கிடைக்க உதவுவதையும் அரசின் பொறுப்பில் சேர்த்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவோம். அதுவரை அந்தப் பல் வலிக்காமலா இருக்கும்? சபைகளுக்கு இது புதிதும் அல்ல. பார்வையற்றோருக்காக ஆங்கிலிக்கன் சபை 1926இல் மலாக்காவில் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இல்லம் பிறகு பினாங்குக்கு வந்து இன்றும் இங்கே நடக்கிறது.

ஆனால் பாசம் மட்டும் போதாது. ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கவே கூடாது, எப்போதும் இருவர். முதல் நாளுக்கு முன்பே தாயிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: வலிப்பு வருமா, வந்தால் என்ன செய்வது, எதைச் சாப்பிட்டால் புரையேறும், கழிவறைக்குப் போக வேண்டும் என்பதை எப்படிக் காட்டுவான். பேசாத பிள்ளைக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் பெரிது, பலர் அதை விட்டுவிடுகிறார்கள். மூன்று பிள்ளைகளோடு தொடங்கினாலும் போதும், சொன்ன நாள் மட்டும் தவறக் கூடாது. அந்த நாளை நம்பித்தானே அந்தத் தாய் டாக்டரிடம் நேரம் வாங்கியிருப்பார். பக்கத்து ஃபிளாட் இந்துக் குடும்பம் வந்தாலும் அதே வரவேற்புதான். கையில் சுவிசேஷக் கைப்பிரதி திணிக்க வேண்டாம்.

எங்கள் சபைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஓய்வுபெற்ற தாதியர் இருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் சபையில் ஏற்கெனவே நடத்துகிறீர்கள் என்றால், உதவியாளர்களுக்கு எங்கே பயிற்சி கொடுத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். எங்களுக்கு இப்போது தேவைப்படுவது அதுதான்.