காக்கையும் பனம்பழமும்

ஆஸ்திரேலிய ஐஸ் ஸ்கேட்டிங் வீரர் ஸ்டீவன் பிராட்பரி தங்கம் ஜெயித்த வீடியோவைப் போட்டு, 'உடம்பெல்லாம் மச்சம்டா இவனுக்கு' என்று நேற்று ஓடிய பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் நட்பு வட்டத்திலேயே ஏகப்பட்ட சிரிப்பு. 'காக்கை உட்கார பனம்பழம் விழுந்த கதை' என்று ஒருவர் தத்துவம் வேறு. சரி. அந்தக் காக்கை பனைமரம் வரை எப்படிப் பறந்து வந்தது என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக். ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங், அதாவது பனித்தளத்தில் சின்ன வளையத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயம்; 1000 மீட்டர் இறுதி. கடைசி வளைவில் முன்னால் போன நான்கு பேரும் சரிந்து விழ, பின்னால் தனியாக வந்த ஆஸ்திரேலியாக்காரர் விழாமல் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார். தென் அரைக்கோளத்துக்கே முதல் குளிர்கால ஒலிம்பிக் தங்கம். வீடியோவில் இருப்பது இவ்வளவுதான்.

1994-ல் ஒரு போட்டியில் இன்னொருவரின் ஸ்கேட் பிளேடு அவர் தொடையைக் கிழித்தது வீடியோவில் இல்லை. நான்கு லிட்டர் ரத்தம் போனது. 111 தையல். 2000-ல் பயிற்சியில் விழுந்து கழுத்து எலும்பு முறிந்து, மண்டையோட்டில் திருகாணி முடுக்கிய கூண்டோடு கிடந்தார். அதற்கப்புறமும் பனியில் இறங்கினார். இதுவும் மச்சம்தானா?

'மற்றவர்கள் விழாவிட்டால் ஐந்தாவதுதானே?' ஆமாம். அவரே அதை மறைக்கவில்லையே! வேகத்தில் அவர்களைப் பிடிக்க முடியாது, எப்படியும் முட்டிக்கொள்வார்கள், ஒதுங்கி வருவதே புத்தி என்று பயிற்சியாளரோடு பேசி எடுத்த முடிவு அது. சின்ன வளையத்தில் ஒன்பது சுற்று இடித்துக்கொண்டு ஓடும் ஆட்டத்தில் விழாமல் இருப்பதும் ஆட்டம்தான். காலிறுதியில் ஒருவர் தகுதி நீக்கம், அரையிறுதியிலும் விழுந்தார்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள். விழுந்த இடத்திலிருந்து காலை நீட்டி வெள்ளியைப் பிடித்த அமெரிக்க வீரர் அப்போலோ ஓனோவை மட்டும் யாரும் மச்சக்காரர் என்பதில்லை. அவர் ஜெயிக்க வேண்டியவர். பிராட்பரி ஜெயிக்கக் கூடாதவர். அவ்வளவுதானே உங்கள் கணக்கு?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், எனக்கும் இது நடந்திருக்கிறது. பதவி உயர்வு வரிசையில் எனக்கு முன்னால் இருந்த இருவரில் ஒருவர் துபாய் போனார், இன்னொருவர் வேலையை விட்டார். நாற்காலி எனக்கு வந்தது. எட்டு வருடம், ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இரவு பதினொரு மணி வரை கணக்கு முடித்தவன் நான். ஒரு தீபாவளிக்குக்கூட முதல் நாள் ஊர் போய்ச் சேர்ந்ததில்லை. அன்று நான் வாங்கிக் கொடுத்த ஜாங்கிரியைக் கடித்துக்கொண்டே ஒருவர் சொன்னார்: "யோகம் சார் உங்களுக்கு."

சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

'விளையாட்டுக்குப் போட்ட பதிவுக்கு இவ்வளவு புலம்பலா' என்று வருவீர்கள், தெரியும். யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் எடுத்தது இரண்டு ஜாங்கிரி.