வெயில் அடித்தாலும் அருவியில் வெள்ளம் வரும்

“உடுமலையில் மழை இல்லையென்றால் பஞ்சலிங்க அருவியில் தைரியமாகக் குளிக்கலாம். வெள்ளம் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே சத்தம் கேட்கும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

உடுமலை அருகே திருமூர்த்திமலையில் இருக்கும் பஞ்சலிங்க அருவிக்குத் தண்ணீர் வருவது மேலே உள்ள வனப்பகுதி ஓடைகளிலிருந்து. மலையில் ஒரு மழை கொட்டினால், அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் இறங்கிவிடும். மலையடிவாரத்தில் உள்ள அமணலிங்கேஸ்வரர் கோயிலையே காட்டாறு சூழ்ந்துகொள்வதை உடுமலைக்காரர்கள் அறிவார்கள். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவனை அடித்துச் சென்றது.

அரை மணி நேரமெல்லாம் கிடைக்காது. அருவியின் இரைச்சலில் மேலிருந்து வரும் சத்தம் காதில் விழுவதும் கஷ்டம். கண்ணைத்தான் நம்ப வேண்டும்: தெளிந்த நீர் செம்மண் நிறமாகக் கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், கால் வைத்திருந்த பாறை மூழ்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் செருப்பு, பை எதையும் தேடாமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடக்கூடாது. வெள்ளமும் அதே வழியில்தான் வரும். குழந்தைகளை முதலில் ஏற்றுங்கள்.

கிளம்பும் முன் சென்னை வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். அங்கே போனதும், குளிக்க அனுமதி உண்டா என்று கோயில் நிர்வாகத்திடம் கேளுங்கள். ஆழியாறு கவியருவி, கோவை குற்றாலம் என்றால் வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேட்கலாம். அவசரத்துக்கு மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதை அனுப்புங்கள்.