கழுத்தைத் தேய்த்தால் ரத்தக்குழாய் அடைப்பு நீங்காது

‘கழுத்தின் இருபுறமும் தினமும் அழுத்தித் தேய்த்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பு நீங்கும், பக்கவாதம் வராது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு, ஆபத்தும்கூட.

குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில் கழுத்தின் இருபுறமும் மேலேறும் ரத்தக்குழாயான கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரிகிறது. உட்கிளை மூளைக்கு, வெளிக்கிளை முகத்துக்கும் தலையின் மேற்புறத்துக்கும். கொழுப்பு பெரும்பாலும் படிவது இந்தப் பிரிவில்தான். அது தமனிச் சுவருக்குள்ளேயே வளர்வது. வெளியிலிருந்து தேய்த்துக் கரைக்க முடியாது. அழுத்தினால் அந்தப் படிவின் துணுக்கு பெயர்ந்து மூளைக்குப் போய், பக்கவாதத்தையே வரவழைக்கலாம். ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகளும் அங்கேயே இருக்கின்றன. அவை தூண்டப்பட்டால் இதயத்துடிப்பு குறைந்து, குறிப்பாக முதியவர்கள், மயங்கி விழக்கூடும். தயவுசெய்து பெற்றோருக்கு இதைச் செய்துவிடாதீர்கள்.

வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள்.