சிங்கத்தின் இடத்தில் ஒரு பூனைக்குட்டி

கல்யாண வீடியோ எடிட் செய்வது என் பிழைப்பு. பதினோரு வருஷமாக ஒரே ஸ்டூடியோ. எங்கள் வீடியோ எப்படித் தொடங்கும் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் இருட்டு. அப்புறம் இடி, மின்னல். தங்க நிறத்தில் ஸ்டூடியோ பெயர் சுக்குநூறாக வெடித்து, திரும்ப ஒன்றுசேரும். கடைசியில் ஒரு சிங்கம் உறுமும். மொத்தம் 22 நொடி. அதற்கப்புறம்தான் பிள்ளையாரே வருவார்.

இதைக் குறைக்கலாமே என்று முதலாளி அண்ணனிடம் ஒருமுறை சொன்னேன். "தம்பி, சிங்கம் கத்துனாத்தான்யா பேரு மனசுல நிக்கும்" என்றார். சரி, அவர் கடை, அவர் சிங்கம்.

போன மாசம் ஒரு ராத்திரி. மூன்று மணி நேர ரிசப்ஷன் வீடியோ ரெண்டர் (எடிட் செய்ததைக் கம்ப்யூட்டர் ஒரே வீடியோவாக்குகிற வேலை) ஓடிக்கொண்டிருந்தது. 41 சதவீதத்தில் நின்றுவிட்டு நகர மாட்டேன் என்கிறது. சும்மா யூடியூபைத் திறந்தால், அமெரிக்க டிவி தொடர்களின் முடிவில் வரும் தயாரிப்பு நிறுவன லோகோக்களை யாரோ வரிசையாகத் தொகுத்துப் போட்டிருக்கிறார்கள். இதற்கென்றே ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதில் ஒன்று வந்தது. எம்ஜிஎம் படங்களில் சிங்கம் தலையை நீட்டுமே, அதே மாதிரி ஒரு வட்டம். உள்ளே சிங்கம் இல்லை. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூனைக்குட்டி. வாயைத் திறந்து "மியாவ்" என்றது. முடிந்தது.

ரெண்டரை மறந்துவிட்டேன். விடியும்வரை அந்தப் பூனையின் பின்னாலேயே போனேன்.

நிறுவனத்தின் பெயர் எம்டிஎம் எண்டர்பிரைசஸ். நடிகை மேரி டைலர் மூரும் அவருடைய அப்போதைய கணவர் கிராண்ட் டிங்கரும் 1969இல் தொடங்கியது. மேரியின் பெயரின் முதல் எழுத்துகள்தான் எம்டிஎம். ஹாலிவுட்டில் எம்ஜிஎம் என்றால் யானை பலம். அதே சாயலில் நமக்கு மூன்று எழுத்து அமைந்துவிட்டது, ஆனால் நாம் புதுசாகக் கடை போட்ட ஆள். இந்த நிலையில் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? இன்னும் பெரிய சிங்கமாகத் தேடுவார்கள். அவர்கள் பூனைக்குட்டியைத் தேடினார்கள். பூனையின் பெயர் மிம்சி.

முதல் தொடர் 'மேரி டைலர் மூர் ஷோ', 1970 முதல் 1977 வரை சிபிஎஸ் சேனலில். மின்னியாபொலிஸ் நகரத்தில் ஒரு டிவி செய்திப் பிரிவில் வேலை பார்க்கும், கல்யாணம் ஆகாத, ஆகியே தீர வேண்டும் என்ற அவசரமும் இல்லாத ஒரு பெண்ணின் கதை. அந்தக் காலத்தில் அமெரிக்க டிவிக்கே அது புதுசு. ஏழு பருவம், 168 பகுதி, அமெரிக்க டிவி உலகின் பெரிய விருதான எம்மி 29. விருதுகள் குவிந்தபிறகாவது பூனையைத் தூக்கிவிட்டு கம்பீரமாக எதையாவது வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

மாற்றாமல் விட்டதோடு நிற்கவில்லை, அந்தப் பூனைக்கு வேஷமும் கட்டிவிட்டார்கள். இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1981இல் 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' என்ற போலீஸ் தொடர் வந்தது. நேயர் கூட்டம் குறைவு, ஆனால் முதல் பருவத்திலேயே எட்டு எம்மி. அதன் முடிவில் மிம்சி தலையில் போலீஸ் தொப்பி. 'ரெமிங்டன் ஸ்டீல்' துப்பறியும் தொடர், பிற்பாடு ஜேம்ஸ் பாண்ட் ஆன பியர்ஸ் பிராஸ்னன் நடித்தது. அதில் மிம்சிக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் தொப்பி, வாயில் புகைக்குழாய். மியாவ் என்று வாய் திறந்ததும் குழாய் கீழே விழுந்துவிடும். கூடைப்பந்துத் தொடரான 'ஒயிட் ஷேடோ'வில் பூனைக்கும் ஒரு கூடைப்பந்து. பாப் நியூஹார்ட் என்ற நகைச்சுவைக் கலைஞரின் தொடரில் பூனைக்குக் குரலே அவர்தான். உணர்ச்சியே இல்லாமல், ஏதோ ஆபீஸில் அட்டெண்டன்ஸ் சொல்கிற மாதிரி "மியாவ்" என்பார். அந்த ஒன்றையே நான் ஏழெட்டு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

அந்த நியூஹார்ட் தொடரில் டேரில் என்று ஒரே பெயரில் இரண்டு சகோதரர்கள் வருவார்கள். எட்டு வருஷம் வாயே திறக்கவில்லை. 1990 மே 21, கடைசிப் பகுதி. இருவருக்கும் கல்யாணமாகி இருக்கிறது, மனைவிமார் ஓயாமல் பேசுகிறார்கள். அண்ணன் தம்பி இருவரும் முதன்முதலாக வாயைத் திறந்து "சத்தம் போடாதீங்க!" என்று கத்துவார்கள். அப்புறம் தொடர் முடிகிறது, பெயர்கள் ஓடி முடிகின்றன, கடைசியில் பூனை வருகிறது. மியாவ் என்று சொல்லவில்லை. அந்தச் சகோதரர்களின் குரலில் அதுவும் அதையே கத்துகிறது. பார்க்கிறவன் ரிமோட்டை எடுத்துவிட்டுப் போயிருந்தால் அந்த ஜோக் அவனுக்கு இல்லை. கடைசி நொடிவரை உட்கார்ந்திருப்பவனுக்காக எழுதிய ஜோக் அது.

எனக்குத் தொண்டை அடைத்தது வேறொரு தொடரில். 'செயின்ட் எல்ஸ்வேர்', பாஸ்டன் நகரத்தில் நொடித்துப்போன ஓர் ஆஸ்பத்திரியின் கதை. 1982 முதல் 1988 வரை 137 பகுதி. டென்ஸல் வாஷிங்டன் பிரபலமானதே இதில்தான். இந்தத் தொடரில் மிம்சி வழக்கமாக டாக்டர் மாதிரி முகமூடி கட்டிக்கொண்டு வரும். 1988 மே 25, கடைசிப் பகுதி. கறுப்புத் திரையில் பெயர்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. அடியில் மிம்சி. இந்தமுறை அது டாக்டர் இல்லை, நோயாளி. படுத்துக் கிடக்கிறது, டிரிப்ஸ் ஏறுகிறது, பக்கத்தில் இதயத்துடிப்பு காட்டும் கருவி பீப், பீப் என்று அடித்துக்கொண்டிருக்கிறது. பெயர்கள் முடிகிற நேரம், மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்த கோடு நேராகிவிடுகிறது. நீளமாக ஒரே சத்தம். அவ்வளவுதான்.

நிஜ மிம்சியும் அதே 1988இல்தான் செத்துப்போனது.

நான் வீடியோத் தொழிலில் இருப்பவன், அதனால் இதன் கனம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். இரண்டு வருஷம் முன்னால் ஒரு பெரிய கம்பெனிக்கு விளம்பர வீடியோ செய்து கொடுத்தோம். லோகோவை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று எண்பது பக்கத்துக்கு ஒரு கையேடு அனுப்பினார்கள். சுற்றிலும் இத்தனை இடைவெளி, இந்த நீலம்தான், சாய்க்கக் கூடாது, நிழல் கூடாது, எதுவும் மேலே படக் கூடாது. நான் அரை நொடிக்கு அதை லேசாகத் துள்ள வைத்தேன், அழகாக இருக்குமே என்று. நான்கு மெயில், ஒரு போன், கடைசியில் ஒரு மன்னிப்புக் கடிதம். கருவறை விக்கிரகத்தைத் தொட்டுவிட்ட மாதிரி பேசினார்கள்.

இங்கே ஒரு நிறுவனம், தன் சின்னத்துக்குத் தொப்பி மாட்டியது, குழாய் கொடுத்தது, வேறு ஆளின் குரலைக் கொடுத்தது. ஒரு கதை முடியும் சோகத்துக்காக அந்தச் சின்னத்தைத் திரையிலேயே சாகவும் விட்டது. எங்கள் பெயரைவிட இந்தக் கதை முக்கியம் என்று எழுத்தாளர்களிடம் சொல்லாமல் சொன்ன மாதிரி. எம்டிஎம்மை எழுத்தாளர்களின் கம்பெனி என்று பாராட்டி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் படிக்கத் தேவைப்படவில்லை. படுத்துக் கிடந்த பூனையே போதுமானதாக இருந்தது.

இது அந்தக் கம்பெனியோடு மட்டும் நிற்கவும் இல்லை. அந்தக் காலத்து ஆட்கள் பலருக்கு இந்தக் குறும்பு இருந்திருக்கிறது. 'ஏ டீம்' தொடர் எடுத்த ஸ்டீபன் ஜே. கேனலின் லோகோவில் அவரே வருவார். டைப்ரைட்டரில் தட்டுவார், தாளை உருவிக் காற்றில் எறிவார், அது பறந்து போய் ஆங்கில எழுத்து 'சி'யில் அமரும். வருஷங்கள் போகப்போக மனிதர் சட்டை மாறும், அறை மாறும், தாள் எறிகிற தோரணை மட்டும் மாறாது. அவருக்கு டிஸ்லெக்சியா. எழுத்துகள் குழம்பும், பள்ளிக்கூடத்தில் ஃபெயிலாகி ஃபெயிலாகி வந்தவர். அப்படிப்பட்டவர் தன் அடையாளமாக எழுதுவதையே காட்டியிருக்கிறார். கேரி டேவிட் கோல்ட்பர்க் என்று இன்னொருவர், தன் நாய் ஊபூவின் போட்டோவைப் போட்டார். பாரிஸில் ஒரு பூங்காவில் எடுத்த படம், வாயில் எறிந்து விளையாடும் தட்டைக் கவ்வியபடி. "உட்காரு ஊபூ, உட்காரு! நல்ல நாய்!" என்று அவர் குரல், பதிலுக்கு ஒரு குரைப்பு. ஊபூ 1984இல் இறந்துவிட்டது. ஆனால் 2002இல் அவருடைய 'ஸ்பின் சிட்டி' தொடர் முடிகிறவரை வாரா வாரம் குரைத்துக்கொண்டிருந்தது.

எல்லாமே இப்படி இனிப்பானவை என்றும் சொல்ல முடியாது. ஸ்க்ரீன் ஜெம்ஸ் நிறுவனத்தின் 1965ஆம் வருஷத்து லோகோவைப் பாருங்கள். இரண்டு கோடுகள் வந்து ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்து ஆங்கில எழுத்து 'எஸ்' மாதிரி ஆகின்றன, பின்னணியில் சின்தசைசரில் ஒரு கரடுமுரடான சத்தம். அதற்குப் பயந்து தலையணைக்குள் முகம் புதைத்த குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகி, அதற்கு 'நரகத்து எஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பயத்தைப் பற்றி 2010இல் ஒரு குறும்படமே வந்தது. நம் ஊரில் தூர்தர்ஷன் சுழல் வட்டத்தின் இசை கேட்டு வயிற்றைப் பிசைந்தவர்களுக்கு இது புரியும். (எனக்குப் பிசைந்தது. ஞாயிறு முடிந்து திங்கள் வருகிற பயமோ என்னவோ.)

இவ்வளவு சின்னக் கம்பெனிகள் அங்கே எப்படிப் பிழைத்தன என்று தேடியதில் ஒரு விஷயம் கிடைத்தது. 1970இல் அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம் ஒரு விதி போட்டது. பெரிய சேனல்கள் தாங்கள் காட்டும் தொடர்களின் மறு ஒளிபரப்பு விற்பனையில் பங்கு கேட்கக் கூடாது. அந்தப் பணம் தயாரித்தவனுக்குப் போகும். ஒரு தொடர் நன்றாக ஓடி நாடெங்கும் திரும்பத் திரும்ப விற்றால், தயாரித்தவன் அடுத்ததில் துணிந்து விளையாடலாம். பூனைக்குப் பால் ஊற்றியது அந்த விதிதான். 1990களில் அதைத் தளர்த்தினார்கள், பிறகு எடுத்தே விட்டார்கள். சேனல்களே தயாரிப்பாளர் ஆகின. சின்ன மீன்களை ஒவ்வொன்றாகப் பெரிய மீன் விழுங்கியது.

மிம்சியின் வீடு கைமாறிய கதை கேளுங்கள். டிங்கர் 1981இலேயே என்பிசி சேனலுக்குத் தலைவராகப் போய்விட்டார். 1988இல் இங்கிலாந்தின் டிவிஎஸ் என்ற நிறுவனம் 320 மில்லியன் டாலர் கொடுத்து எம்டிஎம்மை வாங்கியது. அந்த டிவிஎஸ்ஸே 1991 ஏலத்தில் தன் ஒளிபரப்பு உரிமையை இழந்து, அடுத்த வருஷக் கடைசியில் ஒளிபரப்பை நிறுத்தியது. 1993இல் எம்டிஎம்மோடு சேர்த்து அதை பாட் ராபர்ட்சன் என்ற கிறிஸ்தவப் போதகரின் டிவி நிறுவனம் வாங்கியது. 1997இல் அது ஊடக முதலாளி ரூபர்ட் முர்டாக் கைக்குப் போனது. எம்டிஎம் என்ற பெயர் அதோடு கடையைச் சாத்தியது. 2019இல் முர்டாக்கின் பொழுதுபோக்குச் சொத்தையெல்லாம் டிஸ்னி வாங்கியது. ஆக, பூனை கடைசியில் போய்ச் சேர்ந்திருப்பது எலி வீட்டில். இதை நான் கற்பனையாக எழுதினால் ஓவர் என்று சொல்வீர்கள்.

ஒவ்வொரு கைமாற்றத்திலும் புது முதலாளி செய்கிற முதல் வேலை, பழைய லோகோவின் மேல் தன்னுடையதை ஒட்டுவது அல்லது பின்னாலேயே தன்னுடையதையும் நிறுத்துவது. தேர்தல் சுவரொட்டி மேல் சுவரொட்டி ஒட்டுகிற மாதிரி. சேனல்காரர்கள் இன்னொரு பக்கம் கை வைத்தார்கள். 1994இல் என்பிசி, முடிவில் ஓடும் பெயர்களை ஓரத்தில் நசுக்கிவிட்டு மீதித் திரையில் அடுத்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் காட்டத் தொடங்கியது. மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கு ஓடிடியில் அந்த நசுக்கலும் இல்லை. கதை முடிந்த மூச்சு அடங்குவதற்குள் அடுத்த பகுதி தானாக ஓடுகிறது. 'செயின்ட் எல்ஸ்வேர்' இன்று புதிதாக வந்தால், பூனையின் கோடு நேராவதற்கு முன்னாலேயே 'இதையும் பாருங்கள்' என்று நான்கு படம் வந்து மறைத்திருக்கும்.

என் தம்பி முறை வரும் பையன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். "லோகோல என்னண்ணே இருக்கு, நாலு செகண்டு" என்றான். நாலு செகண்டுதான். ஆனால் பாரு, 'மேரி டைலர் மூர் ஷோ'வின் அந்த 168 பகுதியில் யார் யார் என்ன வசனம் பேசினார்கள் என்று பார்த்தவர்களே மறந்திருப்பார்கள், மியாவ் மட்டும் ஞாபகம் இருக்கும். உழைத்தவர்களுக்கென்று மிச்சமிருந்தது அந்த நாலு செகண்டுதான், அதையும் பிடுங்கினால் எனக்குக் கோபம் வரும். மூன்று மணி நேர வீடியோவில் எடிட்டிங் என்று என் பெயர் கடைசியில் இரண்டு நொடி வரும். அதற்குள் வீட்டுக்காரர்கள் பென் டிரைவைக் கழற்றிவிடுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரெண்டர் கொடுக்கிறேன்.

மறுநாள் காலையில் ஸ்டூடியோவுக்குப் போனதும் முதலாளி அண்ணனை உட்கார வைத்து எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். போலீஸ் தொப்பி, புகைக்குழாய், டாக்டர் முகமூடி எல்லாம். சிரித்தார். புகைக்குழாய் விழுந்ததை இன்னொரு தடவை போடச் சொன்னார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அண்ணே, நம்மளும் சிங்கத்தை எடுத்துட்டு ஒரு பூனைக்குட்டி வைப்போம், கல்யாணத்துக்குக் கல்யாணம் தலையில பட்டு, பரிவட்டம், மாலைன்னு மாத்திக்கலாம், ஏழு செகண்டுல முடிச்சிடலாம் என்றேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏன் தம்பி, முகூர்த்த வீடியோவ ஆரம்பிக்கும்போதே பூனைய குறுக்க விடச் சொல்றியா?"

சிங்கம் அப்படியே இருக்கிறது. 22 நொடி.