எலும்பு நோய்தான், ஆனால் மூளையின் ரத்தக்குழாயைப் பாருங்கள்

எம்.ஓ.பி.டி. இரண்டாம் வகை என்றொரு பிறவி நோய் உண்டு. கருவிலேயே வளர்ச்சி குன்றி, தலையும் உடலும் மிகச் சிறியதாகவே இருந்துவிடும், எலும்புகளும் சரியாக உருவாகாது. மிக மிக அரிது. நிறைமாதத்தில் பிறந்தும் குழந்தை பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவைத் தொடாது. வளர்ந்து ஆளான பிறகும் உயரம் 100 செ.மீ.யை ஒட்டித்தான் நிற்கும். செல் பிரிவதற்குத் தேவையான ஒரு புரதத்தை உருவாக்கும் பிசிஎன்டி மரபணுவில்தான் கோளாறு என்று 2008-ல் கண்டுபிடித்தார்கள்.

இடுப்பு மூட்டு விலகுகிறது, முதுகு வளைகிறது. அதனால் குடும்பம் முழுக்க எலும்பு மருத்துவர் பின்னாலேயே அலைகிறது. அதில் தப்பில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளின் உயிருக்குப் பெரிய ஆபத்து எலும்பில் இல்லை, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களில் இருக்கிறது. ஸ்கேன் பிரிவில் வேலை பார்ப்பதால் இதை உரக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

ரத்தக்குழாய் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று மோயாமோயா: மூளையின் அடியில் உள்ள பெரிய தமனிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போகும். ஈடுகட்ட நூலிழை போன்ற குழாய்கள் கொத்தாக முளைக்கும், அவற்றால் முழு ரத்தத்தையும் கொண்டுபோக முடியாது. இன்னொன்று, தமனிச் சுவர் பலவீனமாகிப் புடைத்துக்கொள்ளும் அனியூரிசம். அது வெடித்தால் மூளைக்குள் ரத்தக்கசிவு. மோயாமோயா சின்ன வயதிலேயே வந்துவிடலாம்.

மோயாமோயாவின் முதல் அறிகுறி எப்படி வரும் தெரியுமா? குழந்தை தேம்பித் தேம்பி அழும். திடீரென்று ஒரு கை தொய்ந்து போகும், கையில் இருந்த பொம்மை கீழே விழும், பேச்சு குழறும். சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடும். அழுத களைப்பு என்று யாருமே நினைப்பார்கள். நடந்தது வேறு. வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அது குறைந்தால் மூளையின் குழாய்கள் இறுகும். ஏற்கெனவே சுருங்கிய தமனிக்கு அதுவே போதும். பக்கவாதத்துக்கு முந்தைய எச்சரிக்கை அது. அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பதை என்னால் ஏற்கவே முடியாது. நோய் உறுதியானதுமே ஒரு எம்.ஆர்.ஏ. (எம்.ஆர்.ஐ. இயந்திரத்திலேயே ரத்தக்குழாய்களை மட்டும் படம் பிடிப்பது), அப்புறம் 12 முதல் 18 மாதங்களுக்கு ஒருமுறை. மூளைக்கு சாதாரண எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டோம் என்பது போதாது. ரத்தக்குழாய்க்கென்று தனியாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கதிர்வீச்சு கிடையாது, பெரும்பாலும் ஊசி மருந்தும் வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும், இவர்களுக்கு மூச்சுக்குழாயும் சிறியது என்பதால் பெற்றோர் பயப்படுவது நியாயம்தான். அனுபவமுள்ள மயக்க மருத்துவர் இருக்கும் இடத்தில் செய்யலாம்.

சரி, கண்டுபிடித்து என்ன செய்வது? நிறையச் செய்யலாம். மோயாமோயா என்றால் தலைத்தோலுக்கு ஓடும் தமனியை எடுத்து மூளையின் மேற்பரப்பில் பதிக்கிறார்கள். சில மாதங்களில் அதிலிருந்து புதுக் குழாய்கள் வளர்ந்து மூளைக்கு ரத்தம் கொடுக்கின்றன. அனியூரிசத்தை வெடிப்பதற்கு முன்பே கிளிப் போட்டோ, உள்ளே கம்பிச்சுருள் வைத்தோ அடைக்க முடியும்.

எலும்பு மருத்துவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இடுப்புக்கோ முதுகுக்கோ அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் இந்த எம்.ஆர்.ஏ. படத்தைப் பார்த்துவிடுங்கள். வெறும் வயிற்றில் நீர்ச்சத்து குறைவதும், மயக்கத்தில் ரத்த அழுத்தம் இறங்குவதும் சுருங்கிய தமனி உள்ள பிள்ளைக்கு மேஜையிலேயே பக்கவாதத்தைக் கொண்டுவரலாம். படம் கையில் இருந்தால் மயக்க மருத்துவர் முன்கூட்டியே டிரிப் ஏற்றி, அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொள்வார்.