"முன்பே சொல்லியிருந்தால் தயாராக வந்திருப்பேன்"

இரண்டு நாள்களாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். நான்கு முறை பார்த்தேன். தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்பில் திடீரென்று மேடைக்கு அழைக்கப்பட்டு, பேச்சு வராமல் நின்ற அந்தப் பெண்ணை "என்னால் முடியும்" என்று மூன்று முறை கத்தச் சொல்கிறார் பயிற்சியாளர். மூன்றாவது முறை அவர் அழுதுவிடுகிறார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டுகிறது. கீழே "மெய்சிலிர்த்தது" என்று நூறு பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வயிறு எரிந்தது.

கத்தினால் தன்னம்பிக்கை வராது. செய்து பார்த்தால்தான் வரும். இதையே இந்தப் பதிவில் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே இதை எழுதிவிட்டார். ஒரு காரியம் நம்மால் ஆகும் என்ற நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் உண்டு என்றார்: நாமே செய்து முடித்த அனுபவம், நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கச்சொல், நம் உடலின் படபடப்பை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இவற்றில் வலிமையானது முதலாவது. வெறும் ஊக்கச்சொல்லில் முளைத்த நம்பிக்கை முதல் சறுக்கலிலேயே வாடிவிடும். அந்தப் பயிற்சியாளர் கையில் எடுத்ததோ ஊக்கச்சொல்லை மட்டும். அதையும் அதட்டலாகவே எடுத்தார்.

"நல்ல வார்த்தையைச் சொல்லிக்கொள்வதில் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்பீர்கள். கெடும். ஜோவான் வுட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்களில் தன்னைப் பற்றிய உயர்வான வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்களின் மனநிலை, சொல்லாதவர்களின் மனநிலையைவிட மோசமாக இருந்தது. ஏற்கெனவே தன்மதிப்பு உள்ளவர்களுக்குத்தான் சிறிது பயன் இருந்தது. யாருக்குத் தேவையோ அவரையே அந்த மருந்து காயப்படுத்தியது.

எனக்கு இது ஏட்டுப் படிப்பு மட்டும் இல்லை. முதல் வேலையில், ஒரு கூட்டத்தில், வேறொருவர் தயாரித்த அறிக்கையைத் திடீரென்று என் கையில் கொடுத்து விளக்கச் சொன்னார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "உனக்குத் தன்னம்பிக்கையே இல்லையப்பா." அந்த ஒரு வாக்கியத்தை ஆறு ஆண்டுகள் சுமந்தேன். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கவில்லை. கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

என்னை அதிலிருந்து வெளியே கொண்டுவந்தவர் ஒரு மூத்த சக ஊழியர். தன்னம்பிக்கை என்ற சொல்லை அவர் ஒருநாளும் உச்சரித்ததில்லை. அறிக்கையை மூன்று நாள்களுக்கு முன்பே கொடுத்து, "முதல் பத்தியை நீங்கள் வாசியுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அடுத்த மாதம் இரண்டு பத்திகள். ஏழாவது மாதம் அவர் விடுப்பில் இருந்தார். முழு அறிக்கையையும் நானே வாசித்தேன். கை நடுங்கியது, இன்றும் நடுங்குகிறது. நடுக்கம் போன பிறகுதான் பேச வேண்டும் என்று காத்திருந்தால் இன்றுவரை வாய் திறந்திருக்க மாட்டேன்.

"பயிற்சியாளர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்" என்கிறார்கள். இருக்கட்டும். என் மேலதிகாரியின் எண்ணமும் நல்லதாகவே இருந்திருக்கலாம். "எனக்கு அந்த வகுப்பு உதவியது" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். மகிழ்ச்சி. அவரை யாரும் படம்பிடித்து ஊருக்குக் காட்டவில்லை.

காணொளிக்குக் கீழே வந்த "திறமை இருந்தால் தயக்கம் ஏன் வருகிறது?" என்ற கருத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1978-ல் எழுதிய கட்டுரையே, படிப்பிலும் தொழிலிலும் சாதித்த பிறகும் "நான் இதற்குத் தகுதியானவள் இல்லை, என்றாவது பிடிபட்டுவிடுவேன்" என்று அஞ்சிய பெண்களைப் பற்றியது. தயக்கத்தை வைத்துத் திறமையை அளப்பவர்களே, ஒரு பெண் வாய் திறக்கும்போதெல்லாம் "உனக்கு எதற்கு இதெல்லாம்" என்று கேட்டவர்கள் யார்? தவறாகச் சொன்னபோது சிரித்தவர்கள் யார்? சந்தேகத்தை ஆண்டுக்கணக்கில் ஊட்டி வளர்த்துவிட்டு, ஒரே நாளில் மேடையில் நிறுத்தி அதைத் துப்பச் சொல்கிறோம். துப்ப முடியாமல் அவர் அழுதால் அதற்கும் கைதட்டுகிறோம். என்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. அவர்களுக்கு என் முகம் நினைவிருக்காது.

எதிர்மறையாகப் பேசுகிறேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள். காணொளியின் தொடக்கத்தை மட்டும் ஒலியைக் கூட்டிவைத்து ஒருமுறை கேளுங்கள். ஒலிவாங்கியை வாங்கியதும் அந்தப் பெண் மெல்லிய குரலில் சொல்கிறார்: "முன்பே சொல்லியிருந்தால் தயாராக வந்திருப்பேன்." தனக்கு என்ன வேண்டும் என்பதை அவ்வளவு தெளிவாகச் சொன்ன ஒருவரிடம் பயிற்சியாளர் சொன்ன பதில், "சத்தமாக! கேட்கவில்லை!"

பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள். அவர் அனுமதி கொடுத்தாரா என்று கூட உங்களில் ஒருவரும் கேட்கவில்லை.